சாயங்காலம் வீட்டுக்குப் போகும் கள்ளன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஊக்கம் தரும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் காபி குடியுங்கள். அணுக்கரு சோதனைக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். என்னிடம் மிச்சம் இருப்பது எரிச்சல். அதைத்தான் தர முடியும்.

எரிச்சலுக்குக் காரணம் நீங்கள்தான். போன மாதம் கூடத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார்.

"பேக்ரவுண்ட இதுவே கழிச்சிடும் மேடம்."

"எந்த பேக்ரவுண்ட?"

"ஃபைல்ல இருக்கு மேடம்."

"எப்ப எடுத்தது?"

"தீபாவளி லீவுல. கூடத்துல யாருமே இல்ல, ரொம்ப சுத்தமா வந்துச்சு."

அங்கே நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

பேக்ரவுண்டு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்த பிறகு நம்பிக்கை இல்லை. முதலிலிருந்தே சொல்கிறேன். டிடெக்டருக்கு மூளை கிடையாது. தன்மீது விழுகிற காமாக் கதிர் எதுவானாலும் எண்ணும். நீங்கள் டிடெக்டரைச் சுற்றிய ஈயக் கூண்டுக்குள் வைத்த தகட்டிலிருந்து வந்ததா, செங்கல் சுவரிலிருந்து வந்ததா என்று அதற்குக் கவலை இல்லை. ஒரே ஆற்றலில் நிறையக் கதிர்கள் விழுந்தால் திரையில் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். மேட்டைப் பார்த்து அதை அனுப்பியது யார் என்று சொல்வதுதான் நம் பிழைப்பு. அதனால் தகடு இல்லாமல் வெறும் கூண்டை ஒரு தடவை எண்ணிப் பார்த்து, அதை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். அந்த வெறும் எண்ணிக்கைதான் பேக்ரவுண்டு.

இனி கள்ளன் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தலைவரை நாங்கள் முசே என்போம், பிரெஞ்சில் ஐயா. பேரைப் போடப் போவதில்லை. போட்டால் மேலே இருந்துகொண்டு அதற்கும் திட்டுவார், போடாவிட்டால் அதற்கும் திட்டுவார் என்பதால் போடாமலேயே திட்டு வாங்கிக்கொள்கிறேன். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோன் வரை போய் வந்தவர். முசேவுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். ரொம்பக் கோபம் வந்தால் தமிழ் வரும். தமிழ் வந்தால் நாங்கள் வெளியே போய்விடுவோம்.

கள்ளன் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டிடெக்டர் சும்மா இருக்கும் நாட்களில் யாராவது ஒருவர் கூடத்தில் ஒரு கள்ளனை ஒளித்து வைப்பார். கள்ளன் என்றால் கதிர் வீசுகிற ஏதாவது ஒரு சாதாரணப் பொருள். பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேன்டில், உழவர்கரை உரக்கடையில் வாங்கிய பொட்டாஷ், ஒரு தடவை கருங்கல் அம்மிக் குழவி. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, டிடெக்டருக்குத்தான் தலைவலி. மற்றவர்கள் திரையில் புதிதாக எழும்பிய மேடுகளைப் பார்த்து, வந்திருக்கும் கள்ளன் எது, எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிடித்த கள்ளனை மேஜைமேல் வைத்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். தோற்றவர் எதிரே நிற்கும் வண்டிக்காரரிடம் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. கள்ளனை வைத்தவர் ஒப்புக்கொள்ளக் கூடாது. பிடிபடும்வரை பொய் சொல்ல வேண்டும். முசே இந்த விதியை மதித்த அளவுக்கு வேறு எந்த விதியையும் மதித்ததில்லை. மாதாமேல் சத்தியம் செய்துவிட்டு, பிடிபட்டதும் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வருவார். உண்மையான சோதனை நடக்கும்போது கள்ளன் வைக்கக் கூடாது என்பதும் விதி. அந்த அம்மிக் குழவியை வைத்து அதை அவர் ஒரு தடவை மீறியிருக்கிறார். அதுதான் பின்னால் வினையாக வந்தது.

ஷமீமா எங்களிடம் பிஎச்.டி. செய்ய வந்தவள். டவுனைச் சேர்ந்த பெண். அவளுடைய அத்தா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். அவளுக்குக் கிடைத்த வேலை பெரிய வேலை. ஓர் அணுக்கரு சிதையும்போது மிக அபூர்வமாக ஒரு குறுக்கு வழியில் போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படிப் போனால் குறிப்பிட்ட ஆற்றலில் ஒரு காமாக் கதிர் வரும். அதை யாரும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் அவளுக்குப் பட்டமும் உண்டு, பாரிசில் ஒரு கூடத்தில் வேலையும் உண்டு. அந்தக் கூடத்தை நடத்தும் பாரிஸ்காரர் முசேவுக்குப் பழக்கமானவர். "மேட்டைக் காட்டுங்கள், பெண்ணை அனுப்புங்கள்" என்று சொல்லியிருந்தார். அவளுடைய உதவித்தொகையோ முடியப் போகிற நேரம்.

அந்த அணுக்கருவை உண்டாக்கும் தகடு இரண்டு. ஒன்று பக்கத்து அறையில் நியூட்ரானில் ஊறும்போது மற்றொன்று டிடெக்டரின் முன் எண்ணப்படும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றுகிற வேலையை முசே யாரிடமும் விடமாட்டார். டிடெக்டரின் முகம் ரொம்ப மெல்லிசு, கீறல் பட்டால் போச்சு. எங்களைக் கண்டால் அவருக்குக் கீறல்தான் ஞாபகம் வரும்.

பல நாள் எண்ணிக்கை சேர்ந்து, ஒரு நாள் காலையில் மேடு வந்தது. சின்ன மேடு. ஆனால் சொன்ன இடத்தில் நின்றது. வேறொருத்தியாக இருந்தால் குதித்திருப்பாள். ஷமீமா நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"யாரு வெச்சது?"

"நான் வெக்கல" என்றேன்.

"நானும் வெக்கல" என்றார் முசே.

"போன தடவயும் இதே மூஞ்சிய வெச்சிக்கினுதான் சொன்னீங்க."

"மாதாமேல சத்தியமா வெக்கல புள்ள."

"அம்மிக் குழவிக்கும் மாதாதான் வந்தாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீயாவது எனுக்காக ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் என்னத்த சொல்றது? அந்தக் குழவி எங்க வூட்டுது. இன்னும் திருப்பித் தரல நீங்க."

கையாலேயே துழாவிக் கூடத்தைப் புரட்டிப் போட்டோம். ஸ்விட்சுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொட்டலம் பொட்டாஷ் கிடைத்தது. அதை வைத்தவன் எங்களிடம் படித்து முடித்து ஜெர்மனிக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவன். அவன் வைத்த கள்ளனை யாரும் பிடிக்கவில்லை. அத்தனை காலமும் நாங்கள் அதைச் சுவரின் கதிர் என்று நினைத்து ஒழுங்காகக் கழித்துக்கொண்டிருந்தோம். முசே அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கெட்டிக்காரன்" என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் பொட்டாஷில் இருக்கும் பொட்டாசியத்தின் மேடு வேறு இடத்தில் வரும். ஷமீமாவின் மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பொட்டலத்தைத் தூக்கிப் போட்ட பிறகும் மேடு அப்படியே நின்றது.

ஷமீமா கதிரை அளக்கும் கைக் கவுண்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் முசேவைப் பார்த்தாள். இந்தத் தடவை அவருக்குத் தமிழ் வந்துவிட்டது.

"என் கூடத்துல என்னயே திருடன்னு சோதன போடறீங்களா? இனிமே எவளாவது கவுண்டர எடுத்துக்கினு சுத்துறத பாத்தேன், கைய ஒடச்சிடுவேன்!"

அதனால் அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு, ஷமீமா கைக் கவுண்டரை எடுத்துக்கொண்டு மூலைமூலையாகத் தேடுவாள். நாற்காலிக்கு அடியில், ஏசிக்குப் பின்னால், டிடெக்டரைக் குளிரவைக்கும் நைட்ரஜன் குடுவையைச் சுற்றி. ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் என்ன சோதிக்க முடியும்? பொங்கல் விடுமுறையில், கூடம் பூட்டியிருந்தபோது எடுத்த பேக்ரவுண்டு கையில் இருந்தது. அதில் மேடு இல்லை. தகடு இருந்தால் மேடு வருகிறது, இல்லாவிட்டால் வருவதில்லை. யாராக இருந்தாலும் நம்புவார்கள். முசே நம்பினார். நானும் கிட்டத்தட்ட நம்பினேன். நம் ஊரிலேயே நடக்கவிருந்த கருத்தரங்கில் ஷமீமா பேசுவதாக ஏற்பாடாயிற்று. பாரிஸ்காரரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

கருத்தரங்குக்கு முந்தைய வாரம் வில்லியனூரில் மாதா திருவிழா. முசே தேர் பார்க்கப் போனார். அன்று ஒரு நாள் மட்டும் தகடு மாற்றும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த ஒரு நாள் எண்ணிக்கையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், மேட்டைக் காணோம்.

முசேவிடம் காட்டினோம். "ஒரு நாள் கணக்க வெச்சிக்கினு ஜோசியம் பாக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. சின்ன மேடு ஒரு நாளில் எழும்பாமலும் போகலாம்.

ஷமீமா பழைய எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் "வாங்கக்கா, டீ சாப்பிடலாம்" என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தோளில் சாப்பாட்டுப் பை.

"அக்கா, ரேடியம் மேடு இருக்கில்ல, பெருசு. அது எதுக்கு ஏறி எறங்குது?"

"மழைக்கு ஏறும். ஜன்னல தெறந்தா எறங்கும். செங்கல்லு, தரை எல்லாத்துலயும் ரேடியம் இருக்கு, அதுலேருந்து வாயு கெளம்பும். இதென்ன புதுசா?"

"மழையே இல்லியேக்கா இப்ப. நான் நாள் நாளாப் பிரிச்சிப் பாத்தேன். வேல நாள்ல ஏறுது. லீவு நாள்ல எறங்குது. பொங்கலுக்கு எறங்குது. மாதா திருவிழாவுக்கு எறங்குது. எந்த ஊரு செங்கல்லுக்கா கேலண்டர் பாத்து வேல செய்யும்?"

நான் டீயைக் கீழே வைத்தேன். ரேடியம் ஒரு மேட்டோடு நிற்காது. பெரிய மேடுகளோடு சின்னச் சின்ன மேடுகளாகப் பெரிய குடும்பமே வரும். அதில் ஒரு சின்ன மேடு நாங்கள் தேடிய இடத்துக்குப் பக்கத்து வீடு. சுவரில் இருக்கும் ரேடியத்தின் அளவுக்கு அந்த மேடு கண்ணில் படாது, அவ்வளவு சிறிது. ரேடியம் கொஞ்சம் கூடினால் தெரியும்.

"கள்ளன் காலைல வேலைக்கு வர்றான்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போறான். நாம அவன் போனப்புறம் தேடறோம்."

"அப்ப ஆளுன்றியா?"

"ஆளு. இல்லாட்டி ஆளு தெனமும் எடுத்துக்கினு வர்ற பொருளு. மூணு பேருதான இருக்கோம்." சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையை என் கழுத்துப் பக்கம் நகர்த்தினாள். உள்ளே பார்த்தேன். சத்தத்தை அணைத்து வைத்த கவுண்டர்.

"அடிப்பாவி, என் புருஷன் கட்டின தாலியயே சந்தேகப்படறியா?"

"தாலி கிளியர்க்கா. உங்க சாம்பார்மேலதான் கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

திரும்பிப் போனோம். முசே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷமீமா பையோடு அவர் பின்னால் போய் நின்று ஊர்க் கதை பேசினாள். சட்டை, செருப்பு, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் சுற்றி வந்தது பை. முள் அசையவில்லை. மூன்று பேருமே சுத்தம். அவள் முகம் தொங்கிவிட்டது. நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுபோல் குடுவை பக்கம் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

குடுவையின் கழுத்தில் இருந்த குழாய்த் திருகில் முசேவின் வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

அது அவர் அப்பா சைகோனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பட்டாளத்து வாட்ச். இருட்டிலும் மணி தெரிவதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியப் பூச்சு பூசியது. மினுமினுப்பு எப்போதோ நின்றுவிட்டது. நின்றது பூச்சில் இருந்த ஒளிரும் பொருள்தான். ரேடியம் அப்படியே இருக்கிறது, நம் பேரப்பிள்ளைகளுக்குப் பிறகும் இருக்கும். அது மினுங்கிக்கொண்டிருந்தால் முதல் நாளே எங்களுக்கு உறைத்திருக்கும். மினுங்காததால் வெறும் பழைய வாட்ச் என்று விட்டுவிட்டோம். அணுக்கரு இயற்பியல் படித்த மூன்று பேர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதை அங்கே தொங்க வைத்தது கூடத்தின் விதி. கூண்டுக்குள் கையை விடுகிறவர் வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் போட்டிருக்கக் கூடாது. டிடெக்டரைக் காப்பாற்ற முசேவே போட்ட விதி அது. காலையில் வந்ததும் வாட்ச்சைக் கழற்றிக் குடுவையில் மாட்டுவார். நாள் முழுக்கத் தகடு மாற்ற வேண்டியிருப்பதால் சாயங்காலம் போகும்போதுதான் திரும்பக் கட்டுவார். கூண்டைச் சுற்றிலும் ஈயச் செங்கல். ஆனால் குடுவையின் கழுத்து நுழையும் இடத்தில், அடியில் ஒரு சந்து உண்டு. சரியாக அந்தச் சந்துக்கு நேர் கீழே வாட்ச். பேக்ரவுண்டு எடுக்கும்போது தகடு மாற்றும் வேலை இல்லை, முசே இல்லை, வாட்ச்சும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாட்ச்சை எடுத்து அவர் மேஜைமேல் அடிக்கப் போனேன். ஷமீமா என் முந்தானையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கொண்டுபோனாள்.

"சொன்னா நம்புவாரா அக்கா? கள்ளன் வெளையாட்டுன்னுதான் நெனப்பாரு. அவரு உண்மைய சொன்னப்ப நாம நம்பினோமா?"

"அப்புறம் என்ன பண்றது? நாளன்னிக்கி நீ மேடையேறணும்."

"நாளைக்கி ஒரு நாளு இருக்கில்ல. எல்லாம் தெனமும் நடக்கற மாதிரியே நடக்கணும். தகடு, முசே, குடுவ எல்லாம் அப்பிடியே இருக்கணும். வாட்ச் மட்டும் இருக்கக் கூடாது. அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சா எதாவது ஒண்ண மாத்திடுவாரு."

இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். கருத்தரங்குக்கு முன்னால் ஒரே நாள். அவளுடைய பட்டம், பாரிஸ், உதவித்தொகை எல்லாம் அந்த மேட்டின்மேல் நிற்கிறது. அதைத் தட்டிவிடப் போகிற சோதனையை அவளே யோசித்துச் சொல்கிறாள், ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறாள். நானோ மேஜையை உடைக்கப் போனவள்.

மறுநாள் திருட்டு. முசே வாட்ச்சை மாட்டிவிட்டுத் தகடு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். ஷமீமா அதைக் கழற்றி என் டிபன் கேரியரின் காலி அடுக்கில் போட்டாள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போய் அவள் அத்தா கடையில் உட்கார்ந்தேன். வெளியே படகுகள் வந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அவர் என்னையும் கேரியரையும் பார்த்தார்.

"என்னாம்மா, வேலைக்கிப் போகலியா?"

"வேலையாத்தான் வந்திருக்கேன் பாய்."

"என் பொண்ணும் இப்பிடித்தான். கேட்டா ஒண்ணும் வெளங்காது."

போன் அடித்தது. முசே.

"ஏம்மா, எங்க இருக்க?"

"மீன் வாங்க வந்தேன் முசே."

"வேல நேரத்துல என்ன மீனு?"

"வேல நேரத்துலதான ஏலம் வுடறான்."

"என் வாட்ச பாத்தியா?"

கேரியர் என் மடியில் இருந்தது. "இல்லியே."

"நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல."

"சத்தியமா?"

"மாரியாத்தாமேல சத்தியமா."

முசே சொன்னார், "இது நான் பேசற மாதிரியே இருக்குதே."

போனை வைத்துவிட்டேன்.

அன்று முழுக்க அவர் கூடத்தைத் தலைகீழாக்கியிருக்கிறார். முதலில் பிரெஞ்சு, பிறகு தமிழ். குப்பைத் தொட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாராம். ஆனால் தகடு மாற்றும் நேரம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த மனுஷனிடம் அத்தனை காலம் திட்டு வாங்கிக்கொண்டு நான் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சாயங்காலம் சங்கரா மீனும் வாட்ச்சுமாகத் திரும்பினேன். ஷமீமா பழைய வரைபடத்தையும் அன்றைய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டிருந்தாள். ஒரு நாள் ஜோசியம் என்று சொல்ல வழியில்லை. ரேடியத்தின் பெரிய மேடே பொங்கல் நாள் மாதிரி இறங்கியிருந்தது. எங்கள் சின்ன மேடு இருந்த இடம் சமதரை. நான் கேரியரைத் திறந்து, வாட்ச்சை மேஜைமேல் வைத்தேன்.

முசே வாட்ச்சைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். குடுவையைத் திரும்பிப் பார்த்தார். பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வாட்ச்சை எடுத்து பேண்டில் துடைத்தார்.

பிறகு ஷமீமாவிடம் சொன்னார், "நாளைக்கி 'இருக்கலாம்'னு மட்டும் சொல்லு புள்ள. பாரிஸ்காரன் தோண்டித் துருவிக் கேக்கமாட்டான். உனுக்கு எடம் கெடச்சிடும். அப்புறமா மெதுவா திருத்திக்கலாம்."

அவருக்காகச் சொல்லவில்லை அவர். அவளுக்காகத்தான் சொன்னார். அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. உங்களிடமும் ஒரு நாள் யாராவது பாசத்தோடு இதைச் சொல்வார்கள்.

"அவரு கேக்கமாட்டாரு சார்" என்றாள் ஷமீமா. "நான் கேட்டுக்கினே இருப்பேனே." கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "வாட்ச நாளைக்கி ஒரு நாள் குடுங்க."

"எதுக்கு?"

"கள்ளன புடிச்சா எல்லாருக்கும் காட்டணும். உங்க ரூல்தான்."

மறுநாள் அவள் முதலில் மேட்டைக் காட்டினாள். அரங்கில் கழுத்துகள் நீண்டன. பாரிஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். ஷமீமா கவுண்டரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, அதன் முன்னால் வாட்ச்சை வைத்தாள். கவுண்டர் பொரிந்து தள்ளியது.

"இதுதான் அந்த மேடு" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் யாரோ கேட்டார்கள், வாட்ச் யாருடையது என்று. "கள்ளனை வைத்தவர் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் விதி. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். முன்வரிசையில் முசே எழுந்தார். அந்த விளையாட்டின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒருவர் ஒப்புக்கொண்டார். என்னுடையதுதான், என் அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்தது, கண்டுபிடித்தது அந்தப் பெண் என்று பிரெஞ்சில் சொன்னார். உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, தமிழில், "பஜ்ஜி என் செலவு. பல்ல காட்டாத" என்றார்.

பாரிஸ்காரர் அவளுக்குக் கை கொடுத்தார், ரொம்பப் பாராட்டினார். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். இந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. இருக்கிறது என்று சொன்னால் மாலை போடுகிறார்கள். இல்லை என்று கண்டுபிடித்தால் கை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உதவித்தொகை நின்ற பிறகு ஷமீமா கருவடிக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே தகடுகளைத் திரும்பவும் எண்ணினாள். அந்த வழியில் அணுக்கரு போனாலும் இந்த அளவுக்கு மேல் போகாது என்று எல்லை போட்டு, அதை வைத்தே பட்டம் வாங்கினாள். பின்னால் வேறு தேசத்தில், எங்களுடையதைவிடப் பெரிய டிடெக்டர் வைத்துத் தேடினவர்களும் மேடு இல்லை என்றுதான் சொன்னார்கள். இன்று உங்கள் கூடத்தில் தலைவராக உட்கார்ந்து உங்களைத் திட்டுகிறாளே, அவள்தான். அவள் கையில் வாட்ச் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முசே கண்ணை மூடிய பிறகு அந்த வாட்ச் கூடத்துக்கே வந்துவிட்டது. ஈயப் பெட்டிக்குள் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

ஆகவே, தீபாவளி லீவில் பேக்ரவுண்டு எடுத்தவரே, கேளுங்கள். ஆளில்லாத கூடத்தில் எடுத்த பேக்ரவுண்டு ஆளில்லாத கூடத்துக்குத்தான் உதவும். நீங்கள் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் கழற்றி வைத்து, வழக்கம்போல் டீ குடித்துக்கொண்டு, தகட்டை மட்டும் வைக்காமல் எடுங்கள். கருவியைச் சந்தேகப்படுகிற நீங்கள் உங்கள் பழக்கத்தையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். அதைப் பொத்தான் செய்யாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷமீமா போன் செய்தாள்.

"அக்கா, அந்தத் தீபாவளி பேக்ரவுண்ட எடுத்துப் பாத்தேன். பொட்டாசியம் மேடு கொஞ்சம் ஒசரமா இருக்கு. போன வருசம் பேக்ரவுண்டுலயும் ஒசரந்தான். நீங்க ரிட்டையர் ஆன நாளுக்கு முன்னாடி எடுத்ததுல மட்டும் எறங்கியிருக்கு."

"அப்படியா?"

"இவங்க எல்லாரும் அத சுவருன்னு நெனச்சி இத்தன நாளா கழிச்சிக்கினு இருக்காங்க. கடைசி நாளு உரக்கடைக்கிப் போனீங்களா?"

"நான் எதுக்கு உரக்கடைக்கிப் போறேன்?"

"வெச்சீங்களா, இல்லியா?"

"நான் வெக்கல" என்றேன். "மாரியாத்தாமேல சத்தியமா."